இரண்டு விரற்கடை

“பௌதி, லாரி சாவி எங்க?” என்று நரேன் மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் சகுந்தலாவின் காதில் விழுந்தது. அவள் கணவனின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்த துணியின் முடிச்சைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். இவ்வளவு இறுக்கிக் கட்டினால் வலிக்குமே என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது அபத்தம் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை.

“காக்கி பேண்ட் பாக்கெட்ல இருக்கும், பாருப்பா. பாத்ரூம் கதவுக்குப் பின்னால.”

நரேன் முப்பத்தைந்து வயது ஆள். தமிழன்தான். ஆனால் வங்காளத்து டாலிகஞ்சிலேயே பிறந்து வளர்ந்ததால் அவள் கணவர் மணிவேலை மணிதா என்றும் அவளைப் பௌதி என்றும்தான் கூப்பிடுவான். தமிழில் அண்ணன், அண்ணி என்று சொல்லச் சொன்னால் வெட்கப்படுவான். சினிமா ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் கொண்டுபோகும் லாரிக்கு மணிவேல் முதல் டிரைவர், இவன் இரண்டாவது. மணிவேலுக்கு ஒரு நாள் லீவு என்றால்தான் இவனுக்கு ஸ்டீயரிங் கிடைக்கும். இன்றைக்குக் கிடைத்துவிட்டது.

விடிகாலை நாலரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்த மனிதர், செம்பைத் தூக்கியபடியே விழுந்தார். செம்பு உருண்ட சத்தத்தில்தான் அவளுக்கு விழிப்பு வந்தது. முக்கு வீட்டு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழு மணிக்கு நியூ டவுனிலிருந்து மகள் சத்யப்ரியா வந்து விழுந்து அழுதாள். எட்டு மணிக்கு டாக்குரியாவிலிருந்து மணிவேலின் அக்கா சௌந்தரம் வந்தாள், எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, எல்லாம் முடிந்துவிட்டது. சகுந்தலாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. என்ன நடக்கிறதென்றே பிடிபடவில்லை. யாரோ ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவளை முதல் வரிசையில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள் போல இருந்தது.

இப்போது மணி பத்து நாற்பது. புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகு காலம்.

“அதுக்குள்ள எடுத்தாகணும்,” என்றாள் சௌந்தரம். “வண்டி எங்கடா?”

சவ வண்டி வந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஆனால் தெருவுக்குள் வர முடியவில்லை. பூஜைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்ததால் சந்தின் ஒரு பக்கம் முழுவதும் பந்தல் மூங்கில். மறுபக்கம் மணிவேலே நேற்று சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்திய லாரி. ஜெனரேட்டரோடு சேர்த்து யானைக் கனம். பந்தல் போடுகிற தெரு க்ளப்பு ஆட்கள் பத்துப் பேர் தள்ளிப் பார்த்தார்கள். இன்ஜின் ஓடாமல் அதன் பிரேக் விடாது, அது அசைந்தும் கொடுக்கவில்லை.

“தன் பொணத்துக்குத் தானே வழிய மறிச்சு வச்சிட்டுப் போயிருக்கான் பாரு,” என்று சௌந்தரம் சொல்லிவிட்டு, சொன்னது தாங்காமல் ஓவென்று அழுதாள்.

நரேன் சாவியோடு போனான். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. சகுந்தலாவின் உடம்பு தன்னையறியாமல் எழப்பார்த்தது. அந்தச் சத்தம் வந்தால் அடுப்பில் சாம்பாரைச் சுட வைக்க வேண்டும். முப்பத்தொரு வருடப் பழக்கம். பாதி எழுந்தவள் எதிரில் படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள்.

சத்தம் நின்ற இடத்திலேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது. லாரி நகரவில்லை. பத்து நிமிடம் கழித்து நரேன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றான்.

“பௌதி, ஒரு விஷயம். மணிதா நேத்து அந்தக் குழாய சரி பண்ணாரே, என்ன பண்ணாருன்னு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?”

“எந்தக் குழாய்?”

“கியர் பெட்டிக்கு எண்ணெ ஊத்தற குழாய். அதுக்குள்ளதான் அளவு பாக்கற குச்சி போகும். விரிசல் விட்டு ஒழுகிட்டு இருந்துச்சே, மூணு வாரமா.”

ஒழுகியது அவளுக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும். அந்த லாரி துறைமுகத்தில் ஏலத்துக்கு வந்த வெளிநாட்டு வண்டி. கியரைக் கையால் மாற்ற வேண்டாம், தானாக மாறிக்கொள்ளும். அதன் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற எண்ணெய் செக்கச்செவேலென்று இருக்கும். நிறுத்துகிற இடமெல்லாம் வெற்றிலை துப்பியதுபோல் சிவப்பு. க்ளப்புக்காரர்கள் மணல் போட்டு மூடிவிட்டு முணுமுணுத்தார்கள். புதுக் குழாய் வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். முதலாளி பிஸ்வாஸ் பாபு வண்டியைப் பெரிய ஒர்க்ஷாப்பில் விடலாம் என்று சொல்லியிருந்தார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தவர் மணிவேல்தான்.

“இப்ப குச்சிய விட்டுப் பாத்தா ஃபுல் கோட்டுக்கு மேல நிக்குது எண்ணெ,” என்றான் நரேன். “நிறைய ஊத்திட்டாரு போல. இப்படியே ஓட்டினா உள்ள நுரைச்சு சீல் எல்லாம் போயிடும். பாபு ஒரு அடி கூட நகர்த்தாதேங்கறாரு. ரெண்டு லிட்டர் கீழ எறக்கிட்டுத்தான் எடுக்கணுமாம். அப்படியே ராஜர்ஹாட்டுக்குப் போகணும், அங்க மதியம் ஷூட்டிங்.”

அவன் கையிலிருந்த போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. பிஸ்வாஸ் பாபுவின் குரல் வங்காளத்தில் எல்லாருக்கும் கேட்டது. நல்ல மனிதன், போய்விட்டான், வருத்தம்தான். ஆனால் கிழவன் கைவைத்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு அப்போதே தெரியும்.

நரேன் அவசரமாகப் போனை அமுக்கினான். சகுந்தலாவின் முகம் சூடேறியது. காலையிலிருந்து அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான், கோபம். அறுபத்திரண்டு வயதானால் கிழவனா? செத்துக் கிடக்கிறவனைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது?

“எறக்காத,” என்றாள்.

“என்ன பௌதி?”

“எண்ணெய எறக்காத. அவரு ஏதோ சொன்னாரு.”

“என்ன சொன்னாரு?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அதுதான் தெரியவில்லை. தினமும் ராத்திரி சாப்பிடும்போது மணிவேல் லாரியைப் பற்றித்தான் பேசுவார். எந்த நட்டு தளர்ந்தது, எந்த பெல்ட் கத்தியது என்று மாப்பிள்ளை வீட்டுச் சமாசாரம் மாதிரி விவரமாகச் சொல்வார். அவள் ‘ம்’ கொட்டுவாள். காது கேட்கும், மனசு நாளைக்கு என்ன சமையல் என்று போய்விடும். நேற்றும் அப்படித்தான். குழாய் என்றார். அறுத்தேன் என்றார். நாளைக்கு அரத்தால் புதுக் கோடு போட்டுவிடுகிறேன் என்றார். பிறகு சாம்பாரிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்துத் தண்ணி டம்ளருக்குள் விட்டுக் காட்டினார். தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. “சின்னப் புள்ளையா நீங்க? சோத்துல என்ன வெளையாட்டு?” என்று அவள் அதட்டினாள். அவர் சிரித்தார். “இங்க பாரு, நாளையிலேர்ந்து இந்தக் குச்சி பொய் சொல்லும்,” என்றார்.

பொய் சொல்லும். அது வரைக்கும் நினைவு இருந்தது. எப்படிப் பொய் சொல்லும்? நிறைய இருக்கும்போது குறையச் சொல்லுமா, குறைய இருக்கும்போது நிறையச் சொல்லுமா? அந்த இடத்தில் அவள் மோர் எடுக்கப் போய்விட்டாள்.

“குச்சி பொய் சொல்லும்னு சொன்னாரு,” என்றாள்.

நரேன் பரிதாபமாகப் பார்த்தான். சௌந்தரம் அவள் தோளைப் பிடித்து, “நீ உக்காரும்மா. ஆம்பளைங்க பாத்துப்பாங்க,” என்றாள். நரேன் தயங்கித் தயங்கி வெளியே போனான். கீழே படுத்து எண்ணெய் இறக்கும் மரையைக் கழற்ற அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

எண்ணெயை இறக்கினால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் குச்சி பொய் சொல்கிறது என்றால் உள்ளே இருப்பது சரியான அளவாகத்தான் இருக்கும். இறக்கிவிட்டால் போதாமல் போகும். ராஜர்ஹாட் போகிற வழியில் கியர் பெட்டி வெந்து நிற்கும். மணிவேல் கைவைத்த வேலை, போகும்போது வண்டியையும் கெடுத்துவிட்டுப் போனான் என்று சாவு வீட்டுப் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள். அவர் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. ஒருவேளை நிஜமாகவே அவர்தான் நிறைய ஊற்றிவிட்டாரோ? அந்த எண்ணமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

சகுந்தலா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

“ஏண்டி, பொணத்த விட்டுட்டு எங்க போற?” என்று சௌந்தரம் கத்தினாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் போலிருக்கிறது, விடுங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

அடுப்பு பற்ற வைக்காத சமையலறை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. உயரமான டம்ளர் ஒன்றையும் குட்டை டம்ளர் ஒன்றையும் எடுத்து வைத்தாள். உயர டம்ளரில் ஆள்காட்டி விரலின் முதல் கணுவரை தண்ணீர் விட்டாள். குட்டையிலும் அதே கணுவரை. ஊதுவத்திக் கட்டிலிருந்து ஒன்றை உருவினாள். லாரிக் குச்சிக்கு மேலே ஒரு பிடி இருக்கும், அந்தப் பிடி குழாயின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். அது அவளுக்குத் தெரியும், எத்தனை முறை பார்த்திருக்கிறாள். ஊதுவத்தியை உயர டம்ளருக்குள் விட்டு, நுனி தண்ணீரைத் தொட்ட இடத்தில் டம்ளர் விளிம்போடு சேர்த்துக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை விடாமல் எடுத்துக் குட்டை டம்ளருக்குள் விட்டாள்.

“மா, கீ கொர்ச்சோ? என்ன பண்ற நீ?” சத்யப்ரியா பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. “அத்தை எல்லாம் பயப்படறாங்க. ப்ளீஸ்மா.”

“இரு, கை ஆடிடப் போகுது.”

குட்டை டம்ளரில் ஊதுவத்தி ஆழமாக இறங்கி நனைந்தது. வெளியே எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் இரண்டிலும் ஒரே அளவுதான். ஊதுவத்தி மட்டும் இதில் நிறைய நனைந்திருந்தது.

“சத்யா, பாரு. டம்ளரு குட்டையாச்சுன்னா குச்சி நிறைய நனையுது. தண்ணி அதே தண்ணிதான். இல்ல?”

சத்யப்ரியா ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தாள், பிறகு டம்ளர்களைப் பார்த்தாள். “ஆமா,” என்றாள். “சரிதான். ஆனா மா, எதுக்கு இப்ப?”

“அவரு குழாய அறுத்துட்டாரு. விரிசல் விட்ட துண்ட வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தச் செருகிட்டாரு. குழாய் குட்டை. அதான் குச்சி நிறைய காட்டுது.” சொல்லும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது. “ரெண்டு வெரக்கடை அறுத்தேன்னாரு. இப்ப ஞாபகம் வருது. ரெண்டு வெரக்கடை.”

அவள் தெருவுக்கு ஓடினாள். கட்டியவனைக் கிடத்தி வைத்துவிட்டு வாசல் தாண்டி ஓடும் பெண்ணை அந்தச் சந்து அதுவரை பார்த்ததில்லை. மாடியிலிருந்து வங்காளிப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நரேன் லாரிக்கு அடியில் கால் மட்டும் தெரியப் படுத்திருந்தான்.

“நரேன், வெளிய வா. எறக்கிட்டியா?”

“இல்ல பௌதி, மரை இறுகிக் கெடக்கு.”

இறுகிக் கிடந்த மரைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். அவன் வெளியே வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நரேன் முட்டாள் இல்லை. குழாயின் வாயைப் பார்த்தான், அது முன்பிருந்ததைவிடத் தணிந்திருப்பது மாதிரிதான் இருந்தது. ஆனால் அவனுக்கு பயம். தப்பாகப் போனால் வேலை போய்விடும்.

“குட்டையா இருக்கலாம் பௌதி. அதுக்கு மேலயும் நிறைய ஊத்தியிருந்தாருன்னா? எனக்கு எப்படித் தெரியும்?”

“ரெண்டு வெரக்கடை அறுத்தாரு. அப்ப ரெண்டு வெரக்கடைதான் கூடக் காட்டணும். அளந்து பாரு.”

அவன் குச்சியை உருவினான். ஃபுல் என்று கோடு போட்ட இடத்தில் இரண்டு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தான். எண்ணெய் விரல்களைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே பளபளத்தது.

“பாத்தீங்களா? ஜாஸ்தி இருக்கு.”

சகுந்தலா அவன் விரல்களைப் பார்த்தாள். ஒல்லியான, நீளமான விரல்கள். ஆபீஸ்காரன் விரல். அவள் தன் விரலை வைத்துப் பார்த்தாள், அது இன்னும் மோசம்.

“இது உன் வெரல்ப்பா. அவரு உன் வெரலாலயா அளந்திருப்பாரு?”

அவள் குச்சியை அவன் கையிலிருந்து வாங்கினாள். எண்ணெய் ஓடிவிடாதபடி படுக்கைவாட்டில் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். நரேன் பின்னாலேயே வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. ஏன் வழிவிடுகிறோம் என்று யாருக்கும் புரிந்திருக்காது.

மணிவேலின் கைகள் மார்பின்மேல் கூப்பியபடி கட்டப்பட்டிருந்தன. கட்டை கட்டையான விரல்கள். ஆள்காட்டி விரல் நகம் எப்போதோ நசுங்கி ஒரு பக்கம் வளராமலே நின்றுவிட்டது. எத்தனை சோப்பு போட்டும் போகாத கருப்பு நகக்கண்ணில் இன்றைக்கும் இருந்தது. குளிப்பாட்டியவர்களாலும் அதை எடுக்க முடியவில்லை. சகுந்தலா அந்தக் கையை நகர்த்தப் பார்த்தாள். விறைத்துவிட்டிருந்தது. அப்போதுதான், அந்த விறைப்பைத் தொட்ட அந்தக் கணத்தில்தான், அவர் செத்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அவர்மேல் விழுந்து அழத் தோன்றியது. ஆனால் கையில் குச்சி இருந்தது, எண்ணெய் வழிந்துவிடும்.

விரலைக் குச்சியிடம் கொண்டுவர முடியாது. அவள் குச்சியை விரலிடம் கொண்டுபோனாள். சேர்ந்திருந்த ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்கே அதைப் படுக்க வைத்தாள். ஃபுல் கோட்டை ஆள்காட்டி விரலின் ஓரத்துக்கு நேராக நகர்த்தினாள்.

நடுவிரல் முடிகிற இடத்தில் எண்ணெயும் முடிந்தது.

“அடிப்பாவி, என்னடி பண்ற அவனுக்கு!” என்று சௌந்தரம் மார்பில் அடித்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல அண்ணி,” என்றாள் சகுந்தலா. “கேட்டுட்டேன். சொல்லிட்டாரு.”

நரேன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மணிவேலின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குச்சியை வாங்கிக்கொண்டு போனான். வாசலில் போன் அடித்தது. எடுத்து, “எல்லாம் சரியா இருக்கு, பாபு. மணிதா சரியாத்தான் பண்ணியிருக்காரு,” என்று வங்காளத்தில் சொன்னான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. “நான் பொறுப்பு,” என்றான்.

சௌந்தரம் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்தாள். தம்பியின் இரண்டு விரல்களிலும் சிவப்பாக எண்ணெய் ஒட்டியிருந்தது. துடைக்கப் போன கையைச் சகுந்தலா பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும், அண்ணி.”

“குளிப்பாட்டின ஒடம்புடீ.”

“இருக்கட்டும்.”

இன்ஜின் மறுபடியும் கிளம்பியது. சகுந்தலா வாசலுக்கு வந்தாள், இந்த முறை யாரும் தடுக்கவில்லை. சத்யப்ரியா வந்து அவள் கையைக் கோத்துக்கொண்டாள். லாரி ஒரு முறை முனகியது. பிறகு குலுக்கல் இல்லாமல், வழுக்கல் இல்லாமல், மூங்கில்களை உரசாமல் பின்பக்கமாகவே நகர்ந்து முக்குக்குப் போய், பெரிய சாலையில் திரும்பியது. அங்கே வேகம் எடுக்கும்போது கியர் மாறுகிற சத்தத்துக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்று. இரண்டு. மூன்று. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் அந்த லாரியை முழுசாகக் கேட்டாள். அப்புறம் டிராம் டிப்போ பக்கத்து இரைச்சலில் அது கலந்துவிட்டது.

ராத்திரி முழுவதும் மழை பெய்திருந்தது. சந்து மொத்தமும் ஈரம், கருப்பு. லாரி நின்ற இடம் மட்டும் நீளமாக, வெளுப்பாகக் காய்ந்து கிடந்தது. சகுந்தலா அதன் ஓரத்தில் போய் நின்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

“என்னம்மா தேடற?”

“எங்கயாச்சும் செவப்பா இருக்கா பாரு.”

சத்யப்ரியா குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தாள். “இல்லையேம்மா. ஒரு சொட்டு கூட இல்ல.”

சகுந்தலா வீட்டுப் பக்கம் திரும்பினாள். “ஏங்க,” என்று வாய் திறந்தேவிட்டது. சத்யப்ரியா சட்டென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

சந்து முனையில் சவ வண்டி பின்பக்கமாக உள்ளே வரத் தொடங்கியது. க்ளப்பு ஆட்கள் வழி சொல்லிக் கத்தினார்கள். வீட்டுக்குள்ளிருந்து சௌந்தரம் மணி பதினொன்றரை ஆச்சு என்று குரல் கொடுத்தாள். தூறல் ஆரம்பித்தது. மணிவேல் விட்டுப்போன அந்தக் காய்ந்த இடத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொட்டுகள் விழுந்தன. சகுந்தலா வெறுங்காலோடு அதன் நடுவே போய் நின்றாள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. அவர் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி காத்திருந்தார்.